ரேடியோ இருந்தும் நேருக்கு நேர் தெரியல... 2 பயிற்சி விமானங்கள் மோதியது எப்படி? பெற்றோர் என்ன கேட்கணும்?

2025 ஜூலை 8, காலை சுமார் 8.45 மணி. கனடாவின் மனிடோபா மாகாணம், ஸ்டெயின்பாக் அருகே ஒரு சின்ன ஓடுதளம். ஒரு செஸ்னா 152, ஒரு செஸ்னா 172. ரெண்டிலும் ஆளுக்கு ஒரு மாணவர்தான், பயிற்சியாளர் இல்லை. தரையிறங்கி மறுபடி மேலேறும் பயிற்சியில் இருந்தபோது ஓடுதளத்துக்குச் சில நூறு மீட்டர் முன்னால் மோதின. இருவரும் இறந்தனர். அதில் ஒருவர் நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவைச் சேர்ந்தவர்.

ரெண்டு விமானத்திலும் ரேடியோ இருந்தது, ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனது போலத் தெரிகிறது என்றார் பயிற்சிப் பள்ளித் தலைவர்.

பார்க்காம இருக்க முடியுமா?

முடியும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரும் டவுன் பஸ் மாதிரி, பயிற்சி விமானங்கள் ஓடுதளத்தை ஒட்டி சுமார் 1,000 அடி உயரத்தில் சதுரமாகச் சுற்றி வந்து இறங்கும். கட்டுப்பாட்டு கோபுரம் இல்லாத இடங்களில், 'நான் இங்க இருக்கேன்'னு விமானிகளே பொதுவான அலைவரிசையில் சொல்லிக்கணும். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிட்டா, கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.

அப்புறம் கண்தான் துணை. ஆனா செஸ்னாவுக்கு இறக்கை விமானியின் தலைக்கு மேலே. கீழே இருப்பவருக்கு மேலே வருவது தெரியாது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பதை விமானத்தின் மூக்கும் தரையும் மறைக்கும். இருவரும் ஒரே ஓடுதளத்தை நோக்கி இறங்கினால் ரொம்ப ஆபத்து.

இந்தியாவில்?

2024 ஆகஸ்ட் 20-ல் ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய செஸ்னா 152 சாண்டில் அணையில் விழுந்து பயிற்சியாளர், மாணவர் இருவரும் இறந்தனர். 2025 ஏப்ரல் 22-ல் குஜராத்தின் அம்ரேலியில் தனியாகப் பறந்த மாணவர் இறந்தார். இவை மோதல் விபத்துகள் அல்ல. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாக வெளியிட்ட பயிற்சிப் பள்ளிகள் தரவரிசையில் ஏ பிளஸ், ஏ பிரிவுகளில் ஒரு பள்ளிகூட இல்லை!

வணிக விமானி உரிமத்துக்கு இங்கே 200 மணி நேரம் பறக்கணும். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி பல லட்சம் சேர்த்து வைக்கும் பெற்றோர், கட்டணத்தோடு இதையும் கேளுங்க: ஓடுதளத்தில் கோபுரம் உண்டா? மாணவர் தனியாகப் பறக்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை விமானங்களை விடுவீங்க? பக்கத்தில் வரும் விமானத்தைத் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி கருவி பொருத்தியிருக்கீங்களா?