மலிவுப் பட்டணம் - யாருக்கு மலிவு?

காட்மாண்டு பட்டணத்தைப் பற்றி வெளியூரிலிருந்து போய் வருபவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகின்றார்கள். "அங்கே எல்லாம் மலிவு, சாப்பாடு மலிவு, அறை மலிவு, சுமை தூக்கும் ஆள் மலிவு, நூறு ரூபாய் கொடுத்தால் நூற்றறுபது ரூபாய் கையில் விழுகின்றது" என்கின்றார்கள். தெற்கு ஆசியாவின் தலைநகரங்களுள் குறைந்த செலவில் காலந் தள்ளக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கின்றது. இதை நாம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால், "யாருக்கு மலிவு?" என்று ஒரு கேள்வி மாத்திரம் கேட்கின்றோம்.

முதலாவது, இந்த நூற்றறுபது கணக்கை எடுத்துக் கொள்ளுவோம். 1993-ஆம் ஆண்டிலிருந்து நேபாள ரூபாயை இந்திய ரூபாயோடு சேர்த்துக் கட்டி, இங்கத்திய ஒரு ரூபாய்க்கு அங்கத்திய ஒரு ரூபாய் அறுபது காசு என்று வைத்திருக்கின்றார்கள். எண்ணிக்கை பெருகிவிட்டால் பொருளும் பெருகிவிடுமா? ஒரு படி அரிசியை இரண்டு அரைப்படியாக அளந்தால் அரிசி இரட்டிப்பாகுமா? யாத்திரைக்காரன் தன் ஊர்ச் சம்பளத்தைக் கொண்டுபோய் அங்கே செலவழிக்கின்றான்; அதனால் அவனுக்கு மலிவாய் இருக்கின்றது. அங்கேயே சம்பாதித்து அங்கேயே தின்கிறவனுக்கு எப்படி இருக்கின்றது என்பதல்லவா உண்மையான கணக்கு? ஆகவே ஒரு ஊரின் விலைவாசியை நாணயத்தைக் கொண்டு அளக்கக்கூடாது. உழைப்பைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அப்படி அளந்து பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டுச் சர்க்கார் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 19,550 ரூபாய். இதில் அடிப்படைச் சம்பளம் 12,170, பஞ்சப்படி 7,380. நாட்கூலி 754 ரூபாய். நம் ஊர் நாணயத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 12,200 ரூபாய்தான் ஆகின்றது. அதே ஆண்டில் அடுப்பெரிக்கும் காஸ் சிலிண்டர் ஒன்று அங்கே ஏறக்குறைய 1,900 ரூபாய். அதாவது, ஒரு கூலிக்காரன் இரண்டரை நாள் முதுகொடிய வேலை செய்தால்தான் ஒரு சிலிண்டர் வாங்கலாம். இதுவும் சட்டப்படி கூலி கிடைத்தால்தான்! நெற்றியில் கயிற்றைக் கொடுத்து முதுகில் கூடை சுமந்து சந்துகளில் ஏறி இறங்குகிறவனிடத்திலும், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிற பெண்ணிடத்திலும் எந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது? யாத்திரைக்காரன் "மலிவு, மலிவு" என்று மெச்சிக் கொள்வதெல்லாம் இவர்களுடைய கூலி மலிவைத்தான் என்பதை அவன் உணருவதில்லை.

இனி தண்ணீரைப் பாருங்கள். இமயமலை அடிவாரத்தில், பனி உருகி ஆறுகள் ஓடும் நாட்டின் தலைநகரத்தில் மக்கள் தண்ணீரை லாரியிலும் குடுவையிலும் விலைக்கு வாங்குகின்றார்கள். மேலம்சி ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து தினம் 17 கோடி லிட்டர் கொண்டு வருவதாகப் பல பத்து வருஷங்கள் வாக்குறுதி கொடுத்து வந்தார்கள். கடைசியில் 2021 மார்ச்சு மாதம் தண்ணீர் வந்தது. ஜூன் மாதம் வெள்ளம் வந்து தலைமடையை அடித்துக்கொண்டு போயிற்று. குழாய் வற்றினால் பணக்காரன் லாரி முழுவதும் வாங்கித் தொட்டியில் நிரப்பி விடுகின்றான். ஒற்றை அறையில் குடியிருப்பவனுக்குத் தொட்டி ஏது? அவன் குடுவைக் கணக்கில் வாங்குகின்றான். மொத்தமாய் வாங்குகிறவனுக்கு ஒரு விலை, சில்லறையாய் வாங்குகிறவனுக்கு ஒரு விலை. ஏழையாய் இருப்பதற்கே ஒரு தண்டவரி!

"இதெல்லாம் அந்த நாட்டின் தலைவிதி, மலைநாடு, கடலில்லாத நாடு, என்ன செய்வது?" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். தலைவிதி என்ற சரக்கை விற்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகின்றோம். 2016-ஆம் ஆண்டு வரை காட்மாண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் கிடையாது. மெழுகுவர்த்தி, பாட்டரி, கடைக்காரனுக்கு எண்ணெய் எஞ்சின் என்று இதற்காகவே ஒரு தனிச் செலவு. அதையும் விதி என்றுதான் சொன்னார்கள். அந்த ஆண்டு மின்சார இலாகாவின் தலைமைக்கு வந்த குல்மான் கீசிங் என்பவர் பங்கீட்டைச் சீர்படுத்தி, இந்தியாவிலிருந்தும் வாங்கி, சில மாதங்களுக்குள் தலைநகரத்து இருட்டடிப்பை நிறுத்திவிட்டார். பல வருஷம் ஜாதகத்தில் இருந்த இருட்டு ஒரு குளிர்காலத்தில் எங்கே போயிற்று? எந்தக் கிரகம் இடம் மாறிற்று? நிர்வாகம் மாறிற்று, இருட்டு மாறிற்று. அவ்வளவுதானே!

நிற்க, விலைவாசிப் புள்ளிகளைச் சேகரிக்கும் எந்தச் சர்க்கார் ஏட்டிலும் ஏறாத ஒரு செலவு இருக்கின்றது. அதுதான் ஜாதிச் செலவு. காட்மாண்டில் வாடகைக்கு அறை கேட்டால், வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லுவதற்கு முன் பெயரையும் குலத்தையும் கேட்பது வழக்கமாய் இருக்கின்றது. 2021 ஜூன் மாதத்தில், தலித் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் பத்திரிகையாளர், தன் ஜாதி தெரிந்ததும் அறை மறுக்கப்பட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தார். வீட்டுக்கார அம்மாள் கைதானார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? விடுதலையானவரைக் கல்வி மந்திரியே நேரில் போய்த் தம் மோட்டாரில் ஏற்றிக் கொண்டு போனார்! கல்வி மந்திரி கற்பித்த பாடம் இது.

அந்த நாட்டில் 1854-ஆம் ஆண்டுச் சட்டம், யார் கையால் யார் தண்ணீர் வாங்கலாம், யார் கையால் வாங்கக்கூடாது என்றே எழுதி வைத்தது. 1963-இல் அந்தச் சட்டம் போயிற்று; 2008-இல் அரசரும் போனார்; 2011-இல் தீண்டாமைக்குத் தண்டனைச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது வீட்டுச் சமையற்கட்டிலிருந்து போகவில்லை. அறை கிடைக்காதவன் தூரத்திலே போய்க் குடியிருக்கின்றான். பஸ் கூலி கூடுகின்றது. அல்லது பெயரை மறைத்துக் கொள்ளுகின்றான், மானம் குறைகின்றது. இதை எந்த நாணயத்தில் கணக்கிடுவது? அவ்வளவு தூரம் போவானேன்? நமது ஊர்களிலும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்காமல் சாவியைக் கொடுக்கும் வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? இதைப் படிக்கும் தோழர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்ளட்டும்.

அடுத்தபடியாகப் பண்டிகை. தசாயின் என்று பதினைந்து நாள் கொண்டாடுகின்றார்கள். தொழிற் சட்டப்படி அதற்கென்று ஒரு மாதச் சம்பளம் அதிகப்படியாய்க் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணம் கையில் ஒரு வாரம் தங்குகின்றதா? கிடாய், புதுத்துணி, ஊருக்குப் பஸ் கூலி, பெரியவர்கள் வைக்கும் திலகத்தோடு கைமாறும் காணிக்கை என்று போனபின், கடன்தான் மிச்சம். உறவினரைப் போய்ப் பார்ப்பதையோ, கறி சமைத்துத் தின்பதையோ நாம் குற்றம் சொல்லவில்லை. தேவிக்கு இரத்தம் காட்டாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்து வட்டிக்கு வாங்கி வெட்டுவதைத்தான் கேட்கின்றோம். தேவி கிடாயைத் தின்கின்றாளா, வட்டிக்காரன் குடும்பத்தைத் தின்கின்றானா?

இவ்வளவுக்கும் மேல் விழும் துண்டை யார் கட்டுகின்றார்கள்? கத்தாரிலும், மலேயாவிலும், சவுதியிலும் வெயிலில் வேகும் பிள்ளைகள் கட்டுகின்றார்கள். அந்நாட்டு மொத்த வருமானத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு வெளிநாட்டிலிருந்து அவர்கள் அனுப்பும் பணம் இருக்கின்றது. மலிவுப் பட்டணத்தின் உண்மையான பில் பாலைவனத்தில் கொடுக்கப்படுகின்றது. யாத்திரைக்காரன் புன்சிரிப்போடு இறங்கும் அதே விமான நிலையத்தில் பிள்ளைகள் தலையில் திலகத்தோடு ஏறுகின்றார்கள். சிலர் பெட்டியில் திரும்பி வந்து இறங்குகின்றார்கள்.

2025 செப்டம்பரில் அந்தப் பட்டணத்து வாலிபர்கள் வீதிக்கு வந்தார்கள். சமூக வலைத்தளங்களுக்குத் தடை போட்டதால் வந்த ஆத்திரம் என்று சிலர் சொல்லுகின்றார்கள். அது தீக்குச்சி மாத்திரமே. மந்திரிகளின் பிள்ளைகள் வெளியிட்ட ஆடம்பரப் படங்களையும், தங்கள் வீட்டுக் காலிக் குடுவையையும் அவர்கள் ஒன்றாய்ப் பார்த்தார்கள். துப்பாக்கி வெடித்தது, நெருப்பும் பரவியது, எழுபது பேருக்கு மேல் மாண்டார்கள், பிரதம மந்திரி விலகினார். மந்திரி மாறுவதனால் மாத்திரம் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. ஆனால் "ஏன்?" என்று கேட்கத் தெரிந்துகொண்ட ஜனங்களிடம் இனித் தலைவிதி என்னும் சரக்கு முன்போல் விலைபோகாது என்பது நிச்சயம்.

ஆகவே தோழர்களே! இன்ன ஊர் மலிவு என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே ஒரு சிலிண்டருக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும்? அங்கே ஜாதி சொல்லாமல் அறை கிடைக்குமா? அங்கே பிறந்த பிள்ளை அங்கேயே பிழைக்க முடியுமா? இம்மூன்றுக்கும் சரியான பதில் சொல்லக்கூடிய ஊரே மலிவான ஊராகும். மற்றவை எல்லாம் ஒருவன் வயிற்றை இறுக்கி மற்றவன் பணப்பையை நிரப்பும் ஊர்களேயாகும்.