சிவல்ரி 2: வாள் நன்று, கோட்டை சுமார்

சுடும் விளையாட்டில் துப்பாக்கிக்குப் பதில் வாளைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கனடாவின் டார்ன் பேனர் நிறுவனம் உருவாக்கி, 2021-ல் வெளியான 'சிவல்ரி 2' அப்படிப்பட்டதுதான். வீரனின் கண் வழியே பார்த்தபடி 64 பேர் வரை ஒரே களத்தில் மோதலாம்.

முதலில் நிறை. பட்டனைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தால் ஜெயிக்க முடியாது. எதிரி வாளை ஓங்கும் நேரம் பார்த்துத் தடுக்க வேண்டும். கண்மூடித்தனமாக வீசினால் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கும் அடி விழும். இந்தப் பொறுப்பு பல சுடும் விளையாட்டுகளில் கிடையாது.

குறை, கோட்டை முற்றுகையில் இருக்கிறது. செத்தவர் சற்று நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறார். உயிர்ப்பயம் இல்லாததால் மதிலுக்கும் மதிப்பில்லை. உண்மையில் அப்படியா? ஓசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் உள்ள கிருஷ்ணகிரி மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல்லின் ஆங்கிலப் படை அடிவாரத்தைப் பிடித்தது. மேலே ஏற முயன்றபோது திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். துப்பாக்கி இருந்தும் படை திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கோட்டை கைமாறியது.

வாள் சண்டைக்காக இந்த விளையாட்டைத் தாராளமாக வாங்கலாம். கோட்டை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், கிருஷ்ணகிரி மலைப்படிகளில் மூச்சு வாங்க ஏறிப் பார்ப்பதே மேல்.