பொட்டிப்புரத்துக்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நியூட்ரினோவுக்குப் பயந்த கிராமத்து மக்களைக் கிண்டல் செய்து ஒரு படம் நம் பழைய மாணவர் குழுவில் சுற்றுகிறது. கீழே "படிக்காத கூட்டம்", "வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்" என்று கருத்துகள். எழுதியவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அறிவியல். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே நம் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அதனால் ஊர் அழியவில்லை. ஆகவே நியூட்ரினோ கதிர்வீச்சில் கேன்சர் வரும், மலட்டுத்தன்மை வரும் என்பதெல்லாம் பொய். அந்தப் பொய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் பொய் எப்படி வேர் பிடித்தது என்று யாராவது கேட்டீர்களா?

இந்தத் திட்டம் முதலில் நீலகிரி சிங்காராவுக்குத்தான் போனது. புலிகள் காப்பகம் பக்கத்தில் இருக்கிறது என்று 2009-ல் அங்கே மறுத்தார்கள். பிறகுதான் போடி மேற்கு மலைக்கு, பொட்டிப்புரம் அம்பரப்பர் மலைக்கு வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பில் கருவி. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு வருடம் மத்திய அரசு இதைச் சிறப்பு நேர்வு என்று சொல்லி, கட்டடக் கட்டுமானத்துக்குரிய பிரிவில் வைத்தே அனுமதி கொடுத்தது. அந்தப் பிரிவில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை!

விஞ்ஞானிகள் ஊருக்குள் வந்து விளக்கம் சொன்னார்கள், மறுக்கவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டு வந்து விளக்குவது வேறு, முடிவெடுக்கும் முன் உட்கார வைத்துக் கேட்பது வேறு. மலையில் ஆடு மாடு மேய்க்க விடுவார்களா, பாறைக்கு வெடி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் என்னாகும் என்று அந்த ஜனங்கள் கேட்டது பைத்தியக்காரக் கேள்வியா? காட்டைப் பற்றிய கவலையைத் தமிழக அரசே 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததே!

தன் மலையில் என்ன நடக்கப்போகிறது என்று தன்னிடம் கேட்காதபோது, "எதையோ மறைக்கிறார்கள்" என்று ஒருவன் நினைப்பது இயல்பு. அந்தச் சந்தேகத்தில்தான் "அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப்போகிறார்கள்" என்ற கதை வந்து உட்கார்ந்தது. கதை பொய்யாக இருக்கலாம். கேட்காமல் விட்டது பொய்யில்லையே.

இதை வகுப்பறையிலேயே பார்க்கலாம். கடைசி பெஞ்சில் தள்ளி, எதிலும் சேர்க்காமல் விட்ட பையன்தான் "டீச்சர் வேண்டுமென்றே மார்க்கைக் குறைக்கிறாங்க" என்று முதலில் நம்புவான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். குழுவில் யாரும் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லப்பட்டவர்கள், சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களைவிடச் சதிக்கதைகளை அதிகம் நம்பினார்கள். ஒதுக்கப்பட்ட மனசு காரணம் தேடும். கைக்குக் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"அப்படியென்றால் வதந்தியைச் சகித்துக்கொள்ளணுமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். குழந்தைக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். வதந்தி கடைசியில் போய் விழுவது ஊருக்குப் புதியவர்கள் மேல், கேட்க நாதியில்லாதவர்கள் மேல். பொய்யைப் பொய் என்று சொல்லியே ஆகவேண்டும்.

எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் என் சண்டை. நம் சொந்தத்திலேயே, தப்பான செய்தியை அனுப்பினார் என்று பெரியவர்களைக் குடும்பக் குழுவிலிருந்து தூக்கிவிடுகிறீர்கள். அவர் திருந்திவிடுவாரா? அதே செய்தியை நம்புகிற நூறு பேர் இருக்கிற இன்னொரு குழு அவரை "வாங்கண்ணே" என்று கூப்பிட்டு உட்கார வைக்கும். அங்கே அவருக்கு மரியாதை கிடைக்கும், மாற்றிச் சொல்ல ஆள் இருக்காது. தூக்கிவிட்ட உங்களுக்கோ "நான் அறிவாளி" என்ற சந்தோஷம் மட்டும் மிச்சம்.

பயத்தை விற்று ஓட்டும் பார்வையாளர்களும் சம்பாதித்தவர்களைக் கேள்வி கேளுங்கள். கருத்துக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்களைக் கேள்வி கேளுங்கள். அங்கெல்லாம் வாய் திறக்காமல், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது படிப்புக்கு அழகில்லை.

உங்களில் இன்ஜினியர் இருக்கிறீர்கள், நர்ஸ் இருக்கிறீர்கள், இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். தேவாரம், பொட்டிப்புரம் பக்கம் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வரும்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். முதலில் அவர்கள் பயத்தை முழுசாகக் கேளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கேலிப்படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் பிள்ளைகளா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்