புத்தகமா, பொன்னாடையா?

நம் சங்க அன்பர்களிடையே நூல் எழுதி வெளியிடுகிறவர்கள் பெருகி வருகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் கைக்காசைப் போட்டுக் கவிதைத் தொகுப்பு, பயணநூல், வாழ்க்கை நினைவுகள் என்று கொண்டு வருகிறார்கள். 300 பிரதி அச்சாகிறது. விழா மேடையில் 60 போகிறது. மீதி கட்டிலுக்கு அடியில். அதன்பின் வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் தொடங்குகிறது. அந்த விளம்பரத்தைப் பற்றித்தான் எனக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் அட்டைப்படம் வருகிறது. மறுநாள் பொன்னாடை போர்த்தும் படம். அதற்கும் மறுநாள் அதே பொன்னாடையை வேறொருவர் வேறு பக்கத்திலிருந்து எடுத்த படம். கூடவே, விலை ரூ.200, தேவைப்படுவோர் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு வரி. கீழே கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் வரிசை கட்டுகின்றன. 40 வாழ்த்து வந்த இடத்தில் 4 பிரதி விற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியவரும் சொல்லவில்லை, வாழ்த்தியவரும் கேட்கவில்லை.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 35 ஆண்டு தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். லெவல் கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்பாக ஒரு மஞ்சள் பலகை நட்டிருப்போம். அங்கே வந்ததும் டிரைவர் விசில் கொடுக்க வேண்டும். வழி நெடுக ஊதிக்கொண்டே வந்தால் கேட்டில் நிற்கிறவனுக்குக் காது மரத்துப் போகும். நம் குழுக்களில் அதுதான் நடந்திருக்கிறது. புத்தகப் படம் என்றதுமே விரல் தானாகத் தள்ளிவிடுகிறது.

என் கருத்து இதுதான். அட்டையைக் காட்டாதீர்கள், ஒரு பக்கத்தைக் கொடுங்கள். இலவசமாகக் கொடுத்துவிட்டால் பிறகு யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை தம் இணையதளத்தில் நாள்தோறும் ஒரு அத்தியாயமாக 'வெண்முரசு' எழுதினார். மொத்தம் 26 நாவல்கள், அத்தனையும் யாரும் படிக்கலாம். அவை அச்சு நூல்களாகவும் வந்தன. வாங்கி அலமாரியில் அடுக்கியிருப்பவர்களை எனக்குத் தெரியும். அமீஷ் திரிபாதி தம் முதல் நாவலான 'தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா'வை 2010இல் வெளியிட்டபோது முதல் அத்தியாயத்தைத் தனியே அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கச் செய்தார். கல்கி காலத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை வாரம் ஒரு துண்டாகப் படித்தவர்கள்தாம் பிறகு ஐந்து பாகத்தையும் வாங்கினார்கள்.

எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? அணிந்துரையை வேண்டவே வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் தம் குடும்பக் கதையை எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் கல்யாணமாகி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் நாக்பூர் வந்தபோது, மூட்டை முடிச்சோடு ஓர் அம்மிக்கல்லையும் கொண்டு வந்தார். அதை இறக்கக் கூலிக்காரரோடு நடந்த பேரம் மட்டும் ஒன்றரைப் பக்கம்! இவரோ குழுவில் பொன்னாடைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வற்புறுத்தியதன் பேரில், வீட்டில் இன்னும் இருக்கும் அந்த அம்மியைப் படம் எடுத்து, கீழே அந்தப் பேரத்தை மட்டும் போட்டார். "உங்கள் வீட்டில் ஊரிலிருந்து என்ன வந்தது?" என்று ஒரு கேள்வியும் சேர்த்தார். அன்று வாழ்த்துப் படம் ஒன்றுகூட வரவில்லை. ஆட்டுக்கல், வெண்கலப் பானை, பல்லாங்குழி என்று இரவு பதினொரு மணி வரை பேச்சு ஓடியது. அவரும் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். இரண்டு வாரத்தில் 23 பிரதி போயிற்று. பெரிய தொகை இல்லை. ஆனால் வாங்கிய 23 பேரும் படிக்கிறவர்கள்.

இன்னொன்று, நமக்கென்றே உள்ள சங்கடம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள்; படிக்க வராது. பள்ளியில் தேவநாகரியும் ஆங்கிலமும்தான். எத்தனை நல்ல பக்கத்தை எழுத்தில் போட்டாலும் அவர்களுக்கு அது கோலம் போலத்தான் தெரியும். ஆகவே அந்தப் பக்கத்தை எழுதியவரே இரண்டு நிமிடத்தில் வாசித்து, ஒலியாக அனுப்ப வேண்டும். அம்மிக்கல் பகுதியை அப்படிப் பதிவு செய்து போட்டார். புனேயில் இருக்கும் என் பேத்தி கேட்டுவிட்டு, "அப்புறம் அந்தப் பாட்டி எவ்வளவு கொடுத்தாங்க தாத்தா?" என்று போன் செய்தாள். புத்தகத்தை எடுத்து மீதியை நான் படித்துக் காட்டினேன். இந்தத் தலைமுறைக்கு நம் எழுத்து போய்ச் சேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்டாகிராம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதையே ரீல்ஸாகப் போடச் சொல்லலாம். வெளிநாட்டில் காலீன் ஹூவரின் 2016ஆம் ஆண்டு நாவல் ஒன்று, வாசகர்கள் டிக்டாக்கில் அழுது வீடியோ போட்டதால் ஐந்து வருடம் கழித்துப் பிரமாதமாக விற்றதாம். நம்மவர்கள் அழ வேண்டாம், வாசித்தால் போதும்.

ஒரு நடைமுறை விஷயம். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியதை மற்றவர் தள்ளிவிடும்போது முதலில் அனுப்பியவர் பெயர் தெரியாது. இதனால் சொந்தக் கவிதையே 'யாரோ எழுதியது' என்று திரும்பி வருகிறது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கிடைக்குமிடம் மூன்றையும் அதே செய்தியின் கடைசி வரியில் சேர்த்துவிட வேண்டும். 2018 முதல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ள முடியாது. பல கை மாறி வந்ததென்றால் 2020 முதல் ஒரே இடத்துக்குத்தான். எனவே படித்தவர் விரும்பி அனுப்பினால்தான் அது நகரும்.

தன் நூலைத் தானே பேசுவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் அன்பர்களும் உண்டு. பொன்னாடைப் படத்தில் இல்லாத கூச்சம் அம்மிக்கல்லைப் பற்றிப் பேசுவதில் ஏன் வர வேண்டும்?

நம் மலரின் நூல் அறிமுகப் பகுதியிலும் இந்த முறையைக் கொண்டு வரலாம். அட்டைப்படத்துக்கு ஒதுக்கும் கால் பக்கத்தை நூலின் ஒரு பத்திக்கு ஒதுக்கினால் போதும். ஆசிரியர் குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.