மரக்காலை இறக்குங்கள்

பள்ளிக்கூடத்தில் 'பாரம்பரிய தினம்' என்று சுற்றறிக்கை வந்துவிட்டால், ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டிக்கும் பட்டுப் பாவாடைக்கும் கடை கடையாய் அலைய வேண்டியிருக்கிறது. செம்பரம்பாக்கம், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. நாலாம் வகுப்பில் 'குடும்ப மரம்' கேட்டால் அப்பா வரைகிறார், அம்மா ஒட்டுகிறார். பாட்டியிடம் கேட்பது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும். கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி என்று மழைக்காலத்தில் டிவி தினமும் ஒப்பிக்கிறது. சென்னைக்கு அது குடிநீர். பாட்டிக்கு அது கழனிக்குப் பாய்ந்த தண்ணீர். எந்த மதகைத் திறந்தால் யார் நிலம் நனையும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்குக் களத்து மேட்டில் எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. பரண்மேல் மரக்கால் கிடந்தால் இறக்கிப் பேத்தி கையில் கொடுங்கள். எட்டுப் படி ஒரு மரக்கால். அரிசியைக் கொட்டி அளக்கச் சொன்னால் பாட்டி 'ஒன்று' என்று தொடங்கமாட்டார். 'லாபம்' என்பார், அடுத்ததுதான் 'ரெண்டு'. ஏன் என்று பிள்ளை கேட்கும். அங்கிருந்து பேச்சு தானாக ஓடும்.

பழசு என்றால் நெல்லும் ஏரியும் மட்டுமா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. அங்கே ஷிப்டுக்குப் போன அம்மாக்களின் கதையும் அந்த வீட்டுச் சொத்துதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்த இரவில் அடையாற்றங்கரை வீடுகளில் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? அன்று தூளியில் கிடந்த பிள்ளைகள் இன்று கேட்கலாம்.

கேட்டால் பெருமை மட்டும் வராது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் மக்கள் பட்ட பாட்டைக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் வந்தது. "தாத்தா யார் நிலத்துல வேலை செஞ்சாரு? நமக்குன்னு நிலம் இருந்துச்சா?" என்று பிள்ளை கேட்டால் சில வீடுகளில் பதில் வர நேரமாகும். வரட்டும். ஆனால் வீட்டில் கேட்டதை எல்லாம் வகுப்பில் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது தப்பு. சாதி எட்டிப்பார்க்கிற இடம் அது. எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்பது பிள்ளையின் இஷ்டம்.

பிள்ளைகளை இப்படித் தேடிக் கேட்க வைப்பது வழி தெரியாத காரியம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு 2010இல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கினார். மாணவர்கள் கல்வெட்டு படிக்கக் கற்றார்கள், பானை ஓடுகளைப் பொறுக்கினார்கள், சொந்த ஊரையே சுற்றிப் பார்த்தார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆர்வமுள்ள ஒரு வாத்தியார் வேண்டும், அவ்வளவுதான்.

நம் பக்கத்து வகுப்புகளில் இன்னொரு வசதியும் உண்டு. மேற்கு ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவர்கள் ஊரில் 'நுவாகாய்'. புது நெல் அரிசியைச் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். பிறகு சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுவார்கள். நம் பொங்கலுக்கு உறவுக்காரப் பண்டிகை. பாரம்பரிய தினத்தன்று அந்தப் பிள்ளைக்கும் வேட்டி கட்டிவிட்டு 'சூப்பர்' என்று கைதட்டுகிறோம், அதன் பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஒரே ஒரு பீரியட் ஒதுக்கி ஒரு பாட்டியையும் ஒரு ஒடியா அம்மாவையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். நேரத்தை அந்த அம்மாவைக் கேட்டு வையுங்கள். சூளையில் அரை நாள் விட்டால் அரை நாள் கூலி போய்விடும்.