ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பம் தொடங்கியதும் என் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'லேப் அக்கா வீடு' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாகூட வழி சொல்லும். போன வருஷம் ஒரு கொத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலைதானேக்கா? இதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" என்றார்.

நியாயமான கேள்விதான். பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்றால் மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. டிப்ளமோவுக்கு இரண்டு வருஷம். மெஷினில் ரத்தத்தை வைத்தால் அதுவே ரிப்போர்ட் அடித்துத் தருகிறதே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று டாக்டர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். கொத்தனாருக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அது ஒரு டெங்கு சீசன். காய்ச்சல் வார்டிலிருந்து வந்த ஒரு பையனின் ரத்தத்தில் தட்டணுக்கள் 18,000 என்று மெஷின் காட்டியது. நல்ல உடம்புக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அம்மா வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறார். மாமா ரத்தம் கொடுக்க ஆள் தேடி போன் மேல் போன் போடுகிறார். பையனோ கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி தின்கிறான். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் கசிவு இல்லை.

என்னோடு ட்யூட்டியில் இருந்த சின்னப் பெண் அந்த ரிப்போர்ட்டை அனுப்பவில்லை. அதே ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ரத்தம் மெலிந்து முடிகிற ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். சிலருடைய தட்டணுக்களை அது ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். கொத்தாகக் கிடப்பதை மெஷின் தட்டணுக் கணக்கில் சேர்க்காது. வெளிர்நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தாள். அந்தக் குழாயில் ஏற்கெனவே இருக்கும் திரவத்துக்கு ஈடாக, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கினாள். ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. பையனுக்குத் தட்டணு ஏற்ற வேண்டிய வேலையே இல்லை.

ஈடிடிஏ இப்படிச் செய்யும் என்பது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாகவும் வரும். அவள் அன்று சந்தேகப்பட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியில் படித்தவள். ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்துப் பார்த்து, எண்ணும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் முகம் சுளிக்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. நாலு வருஷம் அதற்குத்தான்.

ஆகவே விண்ணப்பத்தோடு வருகிற பிள்ளைகளிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். நீ சேரப் போகும் கல்லூரியின் ஆய்வகத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது என்று கேள். ஹாஸ்டல், பஸ், கட்டடம் எல்லாம் பிறகு.

இதைக் கேட்க யாருக்கும் வழியில்லை என்பதுதான் என் குறை. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குகிறது. லேப் டெக்னாலஜிக்கு நீட் வேண்டாம்; உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கு அலைவது இருக்கவே இருக்கிறது. அதிலெல்லாம் பெரிய புகார் எனக்கில்லை. தடுமாற்றம் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற இடத்தில்தான். பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வரிசையைப் போட்டுத் தருவது பிரவுசிங் சென்டர் தம்பி. ஊருக்குப் பக்கம் எது, பேர் கேள்விப்பட்டது எது என்று அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கல்லூரிப் பெயர், இடங்கள், கட்டணம் இவற்றைத் தாண்டி அந்தத் திரையில் வேறென்ன இருக்கிறது?

ஒரு தனியார் கல்லூரிக்குத் தெரிந்தவர் பெண்ணுக்காகப் போயிருந்தேன். அனலைசர் மெஷின் வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. மருத்துவமனை எங்கே என்றால், வேறொரு ஊரில் ஒரு நர்சிங் ஹோமோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றார்கள். நான் நேராகச் சாயம் போடும் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். வேலை நடக்கிற ஆய்வகத்தில் அந்தத் தொட்டி ஊதாவும் சிவப்புமாய்க் கறையேறி, எந்த ஆசிட் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருக்கும். அங்கே பளபளவென்று புதுப்பெண் மாதிரி இருந்தது. கல்லூரி பார்க்கப் போகிற பெற்றோருக்கு இந்த ஒரு குறிப்பு போதும் என்று நினைக்கிறேன். ரத்த அறிவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது பஸ் ஸ்டாண்டு மாடிகளில் நடக்கும் 'பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட்'. ஆறு மாதம், நூறு சதவீத வேலை என்று பேனர். அந்தச் சான்றிதழை நம்பி வளைகுடா போக நினைக்கிற பையன்கள் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

2021இல் மத்திய அரசு இந்தத் துறைக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது: தேசிய இணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் முதலாவதாக வருவதே மருத்துவ ஆய்வகப் பிரிவுதான். இணை மருத்துவப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதாரத் தொழில் வல்லுநர் என்றால் 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கும் ஒரு பதிவேடு, ஒரு கவுன்சில் வர வேண்டும் என்று காத்திருந்தவள் நான், மகிழ்ச்சிதான். ஆனால் பிரிக்காத அனலைசர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் மணி நேரம் ஓடத்தானே செய்யும்? ஒரு மாணவி எத்தனை ஸ்லைடு பார்த்தாள், எத்தனை கல்ச்சர் தட்டு வாசித்தாள் என்பதையும் யாராவது எண்ண வேண்டாமா?

சம்பளத்தையும் மறைக்கக் கூடாது. தனியார் லேப்களில் மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்தில் தொடங்கும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்தில் இதில் சேர்கிறவர்கள் அந்தச் சம்பளத்தைப் பார்த்து இரண்டே வருஷத்தில் வெறுத்துப் போகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் நேரம் போவது தெரியாத பிள்ளைகள் தாக்குப்பிடித்து, மேலே படித்து, நல்ல நிலைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். நாம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆய்வகத்தில் அரை நாள் நின்றால் போதும். பிளஸ் டூ படிக்கிற எந்தப் பிள்ளைக்கு நாம் அந்த அரை நாளைக் கொடுத்திருக்கிறோம்?

தேர்வுக் குழுவிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயமில்லை. விருப்பப் பட்டியல் போடும் திரையில் ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று தகவல் இருக்கட்டும்: சொந்த மருத்துவமனை உண்டா, அதன் ஆய்வகத்துக்குப் போன வருஷம் எத்தனை சாம்பிள் வந்தது, பயிற்சி வருஷத்தில் உதவித்தொகை எவ்வளவு. கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

சாம்பிள் கணக்கெல்லாம் எங்களிடம் இல்லை என்று சில நிர்வாகங்கள் சொல்லும். நம்பாதீர்கள். ஆய்வகத்துக்குள் வருகிற ஒவ்வொரு குழாயும் ரிஜிஸ்டரில் ஏறுகிறது. பெரிய இடங்களில் கம்ப்யூட்டரில் பார்கோடோடு ஏறுகிறது. நான் வேலையில் இருந்தபோது மாதம் பிறந்தால் அந்தக் கணக்கைக் கூட்டி மேலே அனுப்பிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவோம்.