துணிந்தவனைக் கலகக்காரன் என்னாதீர்கள்



வாலிபர் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் தவறாமல் ஒலிக்கிறது. மோட்டார் சைக்கிளை விரட்டுகிறவன், செங்குத்துப் பாறையில் ஏறுகிறவன், ஆழம் பாராமல் கடலில் குதிக்கிறவன் ஆகிய அனைவரும் அதில் ஒரே கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். இது கலகத்தின் ஆவி என்று தீர்ப்பும் கூறப்படுகிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வாலிபன் அதைக் கேட்டுத் திருந்துவதில்லை. அடுத்த மாதம் கூட்டத்திற்கு வராமற்போகிறான், அவ்வளவே. நாம் இப்பிரசங்கத்தை நிறுத்தவேண்டும். அது நோயைத் தவறாகக் கணித்து மருந்து கொடுக்கிறது.

மார்வின் சக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், புலன்களுக்கு வேலையே இல்லாத ஓர் அறையில் மனிதரைத் தனியே வைத்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலர் அமைதியாய்ப் பொறுத்திருந்தனர். சிலரோ நிலைகொள்ளாமல் தவித்தனர். இவ்வேறுபாட்டை அளக்கும் பொருட்டு அவரும் அவருடைய சகாக்களும் 1964-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். 1978-ல் அது 40 வினாக்களும் நான்கு கூறுகளும் கொண்டதாகச் செப்பமடைந்தது: சாகசச் சிலிர்ப்பை நாடுதல், புதிய அனுபவத்தை நாடுதல், கட்டுப்பாட்டைத் தளர்த்துதல், சலிப்பைத் தாங்காமை. சிலிர்ப்பு நாட்டத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சி மலையுச்சியில் பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சலிப்பூட்டும் ஓர் அறையிலே அது பிறந்தது.

சக்கர்மன் தந்த விளக்கத்தில் நம் பிரசங்கிகள் காணத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. இத்தகையோர் நாடுவது புதுமையும் செறிவும் மிக்க அனுபவத்தை. உடலுக்கும், பணத்துக்கும், நற்பெயருக்கும் வரும் ஆபத்தை அதன்பொருட்டு ஏற்கத் துணிகிறார்களேயன்றி, ஆபத்தை விரும்பிப் போகிறவர்கள் அல்லர். ஆபத்து அங்கே விலை மாத்திரமே. பசித்தவனிடம் விலையை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் கடையை விட்டுப் போய்விடுவானா?

இச்சுபாவம் பெரும்பாலும் தேர்ந்துகொள்ளப்பட்டதும் அல்ல. இரட்டையரைக் கொண்டு நடத்தி 1980-ல் வெளியான ஓர் ஆய்வு, இதில் மனிதருக்கிடையே காணும் வேறுபாட்டில் பாதிக்கு மேல் பரம்பரையோடு தொடர்புடையது என்று கணித்தது. பதின்வயதின் பிற்பகுதியில் இந்நாட்டம் உச்சத்திற்கு வருகிறது. வயது ஏற ஏறத் தணிகிறது. ஐம்பது வயதில் நம்மிடம் காணப்படும் அடக்கத்தை முழுவதும் பக்தியின் கனியென்று எண்ணிக்கொள்ளும் மூப்பர்கள் இதைச் சற்றே சிந்திக்கலாம்.

அப்படியானால் பொறுப்பு யாருக்கும் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. 1996-ல் டோபமைன் தொடர்பான ஒரு மரபணுவுக்கும் புதுமை நாட்டத்திற்கும் உறவு இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது, பழியை அதன்மேல் ஏற்றிவிடலாம் என்று பலர் எண்ணினர். பின்வந்த ஆய்வுகள் அவ்வுறவை உறுதியாக நிலைநாட்டவில்லை. மேலும் அந்த நான்கு கூறுகளும் ஒன்றல்ல. மதுவோடும் போதைப்பொருளோடும் மிகுதியாய்ச் சேர்ந்து காணப்படுவது கட்டுப்பாட்டைத் தளர்த்தும் கூறே. மலையேறுகிறவனையும் குடிவெறியில் வாகனம் ஓட்டுகிறவனையும் ஒரே ஆவி பிடித்தவர்களாகச் சொல்வது அறியாமை.

அலெக்ஸ் ஹானல்டு என்ற பாறையேறுநரை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள எல் காப்பிட்டன் என்னும் ஏறத்தாழ 3,000 அடிப் பாறையை அவர் 2017 ஜூன் 3 அன்று கயிறின்றி, 3 மணி 56 நிமிடங்களில் ஏறி முடித்தார். முன்னர் அவருடைய மூளையை ஸ்கேன் செய்தபோது, பிறரைக் கலங்கவைக்கும் படங்களைக் கண்டும் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி ஏறக்குறைய அசையவேயில்லை. கயிறின்றி ஏறுவதை நான் மெச்சவில்லை. யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் அதே பாதையை அவர் கயிற்றோடு பலமுறை ஏறிப் பழகியிருந்தார். 2016-ன் இலையுதிர்காலத்தில் கயிறின்றி ஏறத் தொடங்கியவர், மனம் ஒப்பாமல் பாதியில் திரும்பியும் விட்டார். நாம் கலகக்காரன் என்று ஏசுகிற சுபாவமுடையவனால் திரும்பிவர முடிந்தது.

நம் பிள்ளைகளில் பலரால் ஏன் திரும்ப முடிவதில்லை? கார்டனர், ஸ்டைன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு விடையில் ஒரு பங்கைத் தருகிறது. கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டில், நண்பர்கள் சூழ்ந்திருந்தபோது பதின்வயதினர் ஏற்ற ஆபத்து வெகுவாய்க் கூடியது. வளர்ந்தவர்களிடம் அம்மாற்றம் அரிதாகவே தென்பட்டது. இன்று அந்த நண்பர் கூட்டம் கைப்பேசிக்குள் ஏறி, சட்டைப்பையில் உடன் பயணிக்கிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் கேட்ட பகுதியை இவ்வாலிபருக்கு எதிராக நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! அங்கே மறுக்கப்பட்டது உயரமா? நிரூபித்துக்காட்டு என்ற அழைப்பல்லவா! நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறவனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: இதை யாருக்குக் காட்டுகிறாய்? விழுந்தால் உன் பின்னால் அமர்ந்திருப்பவளும் எதிரே நடந்துவருபவரும் அந்த விலையைக் கொடுக்க எப்போது சம்மதித்தார்கள்?

சலிப்பின் வலிமையையும் நாம் அற்பமாய் எண்ணுகிறோம். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான மின்னதிர்ச்சியை முன்னரே உணர்ந்து, அதைத் தவிர்க்கப் பணமும் கொடுப்போம் என்று சொன்னவர்கள், ஓர் அறையில் 15 நிமிடம் சிந்தனையோடு தனித்து விடப்பட்டார்கள். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அதே அதிர்ச்சியைத் தாமே தமக்குக் கொடுத்துக்கொண்டார்கள். கால்மணி நேரத்தின் வெறுமை சாதாரண மனிதரையே இப்படிச் செய்விக்குமானால், பிறப்பிலேயே சலிப்பைத் தாங்காத பதினெட்டு வயதினனுக்கு நாம் வைத்திருப்பது என்ன? நாற்காலிகளை அடுக்குதல், சுற்றறிக்கை வாசித்தல், மூன்று மணிநேரம் அசையாதிருத்தல்.

கோடைகால வாலிபர் முகாமுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுகிறவர்களே, இவ்வாண்டு ஒரு நாளை முழுமையாய் ஒதுக்குங்கள். தேர்ந்த பயிற்சியாளரை அழைத்து, நீரில் மூழ்குகிறவரை மீட்பதையும், கயிற்றில் இறங்குவதையும், நின்றுபோன இருதயத்தை அழுத்தி இயக்குவதையும் கற்றுக்கொடுங்கள். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பின்வரிசையில் இருக்கிறவனை, அவன் வரத் தயங்கினாலும், முதலாவது அழையுங்கள்.